உயர்நிலை ஆங்கிலமும் உயர்நிலைக் கணிதமும்: எச்.எஸ்.சி. மாணவர் தயாராகும் முறை பற்றி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எச்.எஸ்.சி. எனப்படும் மேல்நிலைச் சான்றிதழுக்குப் படிக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் பாடங்களுள் ‘இங்கிலீஷ் அட்வான்ஸ்டு’, ‘மேதமேட்டிக்ஸ் அட்வான்ஸ்டு’ என்ற இரண்டும் ‘உயர்நிலை’ என்ற ஒரே அடைமொழியைத் தாங்கியவை. இரண்டும் இரண்டு யூனிட் பாடங்கள். இரண்டிலும் பொதுத்தேர்வு நூறு மதிப்பெண்ணுக்கு. பள்ளி மதிப்பீடு பாதி, பொதுத்தேர்வு பாதி என்ற கணக்கும் இரண்டுக்கும் ஒன்றே. வெளித்தோற்றத்தில் இவ்வளவு ஒத்திருப்பதால் எது கடினம், எது மதிப்பெண் தரும், எதற்கு அதிக நேரம் ஒதுக்குவது என்ற கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் வீடுகளில் எழுகின்றன.

இங்கே முன்வைக்கப்படும் கருத்து ஒன்றே. இரு பாடங்களையும் பிரிப்பது கடினத்தின் அளவு அன்று. தேர்வு அறைக்குள் நுழையும் மாணவருக்கு எது முன்பே தெரிந்திருக்கிறது, எது தெரியாமல் இருக்கிறது என்பதே. அந்த வேறுபாட்டிலிருந்துதான் ஒவ்வொன்றுக்கும் உரிய பயிற்சி பிறக்கிறது. ஒரு பாடத்துக்குரிய பயிற்சியை மற்றதற்கு மாற்றிப் போடும்போது நல்ல மாணவர்களே இழப்புக்கு ஆளாகிறார்கள். இங்கு பேசப்படுவது 2017 பாடத்திட்டம். அதன்படி ஆங்கிலத்தில் முதல் பொதுத்தேர்வு 2019 இலும் கணிதத்தில் 2020 இலும் நடந்தன.

1. ஆங்கிலத்தின் இடம்

பல்கலைக்கழக நுழைவுக்கான ஏடார் தரவரிசை பத்து யூனிட்டுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அவற்றுள் இரண்டு யூனிட் ஆங்கிலமாக இருந்தே ஆக வேண்டும். மற்ற எட்டும் மாணவர் மிகச் சிறப்பாகச் செய்த பாடங்களிலிருந்து எடுக்கப்படும். கணிதம் கட்டாயமில்லை. எடுத்தாலும், மற்றப் பாடங்களில் போதிய மதிப்பெண் இருந்தால் அது கணக்கிலிருந்து விலகிவிடும். ஆங்கிலத்துக்கு அப்படி விலகும் வழியே இல்லை.

தமிழ்க் குடும்பங்கள் இந்த விதியை ஊன்றிக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படும்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆங்கிலத் தாளுக்கு அதில் பங்கில்லை. இலங்கை உயர்தரத்தில் பொது ஆங்கிலம் எழுதப்பட்டாலும் பல்கலைக்கழக நுழைவுக்கான இசட் புள்ளியில் சேராது. இணைந்த கணிதமும் அதன் துணைப் பாடங்களுமே மாணவரின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. இவ்விரு ஏற்பாடுகளில் வளர்ந்த பெற்றோர், ஆங்கிலத்தில் தேறினால் போதும், உழைப்பெல்லாம் கணிதத்துக்கே என்ற கணக்கோடு சிட்னிக்கு வருவதில் வியப்பில்லை. அவர்கள் வளர்ந்த இடத்தில் அந்தக் கணக்கு சரி. நியூ சவுத் வேல்ஸில் அது தலைகீழாகிறது. கணிதத்தில் மிகச் சிறந்து நிற்கும் பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கினால், அந்தப் பின்னடைவு ஏடாரில் அப்படியே பதிவாகும்.

2. பாடங்களின் உள்ளடக்கம்

உயர்நிலைக் கணிதம் சார்புகள், முக்கோணவியல், நுண்கணிதம், அடுக்கு மற்றும் மடக்கைச் சார்புகள், நிதிக் கணிதம், புள்ளியியல் ஆகியவற்றை உள்ளடக்கியது. நடுவே நிற்பது நுண்கணிதம். வகைக்கெழுவும் தொகையீடும் தெரியாமல் மற்றப் பகுதிகளில் வெகுதூரம் போக முடியாது. புள்ளியியலில் இயல்நிலைப் பரவல் வரை பாடம் செல்கிறது. தேர்வு ஒரே தாள்: மூன்று மணி நேரம், அதற்கு முன் பத்து நிமிட வாசிப்பு நேரம். முதல் பத்து மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு. மீதி தொண்ணூறு, வழிமுறையை எழுதிக் காட்டும் கேள்விகளுக்கு.

உயர்நிலை ஆங்கிலத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பகுதி நான்கு பிரிவுகளாக அமைந்திருக்கிறது. முதலாவது, இலக்கியமும் மனித அனுபவமும் பற்றிய பொதுப் பிரிவு. அடுத்தது, காலத்தால் பிரிந்த இரண்டு படைப்புகள் ஒன்றோடொன்று நடத்தும் உரையாடல்: ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகமும் அல் பச்சினோ 1996 இல் எடுத்த ‘லுக்கிங் ஃபார் ரிச்சர்ட்’ திரைப்படமும் போல. மூன்றாவது, ஒரே படைப்பை ஆழ்ந்து ஆராயும் பிரிவு. நான்காவது, எழுத்துக் கலை. தேர்வு இரண்டு தாள்கள். முதல் தாள் ஒன்றரை மணி நேரம், நாற்பது மதிப்பெண். இரண்டாம் தாள் இரண்டு மணி நேரம், அறுபது மதிப்பெண். முதல் தாளின் பாதி, மாணவர் அதுவரை பார்த்திராத கவிதை, கதைப் பகுதி, படம் போன்றவற்றைப் படித்து விடை எழுதுவது. எஞ்சியவற்றில் கட்டுரை வடிவமே மேலோங்கி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ நாற்பது நிமிடம்.

3. நினைவாற்றல் எங்கே வேண்டும்

கணிதம் மனப்பாடத்தை நம்பியது, ஆங்கிலம் இயல்பாக வருவது என்று பலரும் எண்ணுகிறார்கள். தேர்வு விதிகளைப் பார்த்தால் நிலைமை வேறு. கணிதத் தேர்வில் வாய்பாட்டுத் தாள் ஒன்று வினாத்தாளோடு தரப்படுகிறது. பரப்பளவு, கனஅளவு, முக்கோணவியல் முற்றொருமைகள், முக்கியமான வகைக்கெழுக்கள், தொகையீடுகள் ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒரு வாய்பாட்டை மறந்ததால் மட்டும் கணக்கு கைவிட்டுப் போவது அரிது. ஆங்கிலத் தேர்வுக்கோ எந்த நூலையும் கொண்டு செல்ல முடியாது. ஒரு நாடகம், ஒரு கவிதைத் தொகுதி, ஒரு நாவல், ஒரு திரைப்படம் ஆகியவற்றிலிருந்து மேற்கோள்களையும் காட்சிகளையும் மாணவர் நினைவிலிருந்தே எடுத்தாள வேண்டும்.

ஆக, நினைவுச் சுமை ஆங்கிலத்தில்தான் கூடுதல். ஆனால் அங்கே நினைவில் வைக்க வேண்டியது சான்றுகளை மட்டுமே. சான்று என்பது ஒரு சொற்றொடர், ஒரு காட்சி, ஒரு பாத்திரத்தின் ஒரு முடிவு. அதைக் கொண்டு கட்டப்படும் வாதம் தேர்வு அறையில் பிறக்க வேண்டும். இந்த எல்லைக்கோடு தெளிவாக இல்லாததால் நேரும் இழப்பு ஐந்தாம் பகுதியில் பேசப்படும்.

4. சரி, தவறு எப்படித் தீர்மானமாகிறது

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். நீண்ட சுவர் ஒன்றை ஒரு பக்கமாக வைத்து, நாற்பது மீட்டர் வேலியால் மற்ற மூன்று பக்கங்களையும் அடைத்துச் செவ்வக நிலம் ஒன்றை அமைக்க வேண்டும். மிக அதிகப் பரப்பளவு என்ன? சுவருக்குச் செங்குத்தான பக்கம் x என்றால், சுவருக்கு இணையான பக்கம் 40 − 2x. பரப்பளவு 40x − 2x². வகைக்கெழு 40 − 4x. அது பூச்சியமாகும் இடம் x = 10. இரண்டாம் வகைக்கெழு −4, குறை எண். எனவே அங்கே கிடைப்பது பெருமம். பரப்பளவு 200 சதுர மீட்டர்.

ஒரு மாணவர் இணையான பக்கத்தை 40 − x என்று தவறாக எழுதிவிட்டார் என வைத்துக்கொள்வோம். அவருக்கு x = 20, பரப்பளவு 400 என்று வரும். அமைத்த முறை தவறு. அதன் பின் வந்த வகையீடு சரி. வழிமுறையை எழுதிக் காட்டியிருந்தால் திருத்துநர் பின்வந்த படிகளுக்கு மதிப்பெண் தர முடியும். வெறும் விடையை மட்டும் எழுதியிருந்தால் தருவதற்கு ஒன்றுமில்லை. வினாத்தாளே தகுந்த கணிதக் காரணங்களையோ கணக்கீடுகளையோ காட்டும்படி கேட்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. அந்த மாணவர் தம் விடையைச் சற்றுச் சோதித்திருந்தால் தவறு தானே வெளிப்பட்டிருக்கும்: இருபது மீட்டர் பக்கங்கள் இரண்டு, இருபது மீட்டர் பக்கம் ஒன்று என்றால் வேலி அறுபது மீட்டர் வேண்டும், கையில் இருப்பதோ நாற்பது. கணிதத்தில் சரி பார்க்கும் அதிகாரம் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஆசிரியர் அருகில் இல்லாமலேயே மாணவர் தம் தவறைக் கண்டுகொள்ள முடியும். இது இந்தப் பாடம் தரும் பெரிய விடுதலை.

ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. பொதுப் பிரிவின் நூல்களுள் ஒன்றான ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலைப் பார்க்கலாம். 1949 இல் வெளிவந்த நூல் அது. பொதுப் பிரிவின் விளக்கவுரை, மனித நடத்தையில் காணப்படும் முரண்களையும் ஒவ்வாமைகளையும் மாணவர் ஆராய வேண்டும் என்கிறது. நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஆளும் கட்சியின் கொடுமையை வெறுப்பவன், உண்மைக்காகத் தவிப்பவன். அவனே கட்சியின் உள்வட்டத்தவனான ஓப்ரையனின் முன் நின்று, எதிர்ப்பியக்கத்துக்காகக் கொலை செய்யவும் ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் வீசவும் தயார் என்று ஒப்புக்கொள்கிறான். அவனும் அவன் காதலி ஜூலியாவும் மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ஒருவரை ஒருவர் பிரிவதை. பின்னர் சிறையில், கட்சியைவிடத் தான் ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று வின்ஸ்டன் சொல்லும்போது, அந்த ஒப்புதலின் ஒலிப்பதிவை ஓப்ரையன் அவனுக்குப் போட்டுக் காட்டுகிறான்.

இந்தக் காட்சியை வைத்து இரண்டு வாதங்கள் எழலாம். கட்சியை எதிர்ப்பவனும் அதன் தர்க்கத்தை ஏற்கெனவே உள்வாங்கிவிட்டான் என்பது ஒன்று. பிரிவை மறுத்த அந்த ஒரே சொல்லில்தான் அவனுடைய மனிதம் எஞ்சி நிற்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நூலில் ஆதாரம் உண்டு. இரண்டும் உயர்ந்த மதிப்பெண் பெறத் தக்கவை. ஆனால் எப்படி எழுதினாலும் சரி என்று இதற்குப் பொருளில்லை. வின்ஸ்டன் கடைசிவரை மாசற்றவனாக நின்றான் என்று எழுதும் கட்டுரையை நூலே மறுக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சரியான விடை இல்லை. தவறான விடைகள் நிறைய உண்டு. வாதம் எவ்வளவு வலுவானது என்பதை எழுதியவர் தாமே அளந்துவிட முடியாது. அதற்கு வேறொரு வாசகர் வேண்டும்.

இரு பாடங்களிலும் ஒரு கூற்றிலிருந்து அடுத்த கூற்றுக்குக் காரணத்தோடு நகர்வதே வேலை. கணிதத்தில் அந்த நகர்வு கட்டாயமானது: முதல் வரி சரியென்றால் இரண்டாம் வரி வந்தே தீரும். ஆங்கிலத்தில் அது ஏற்கச்செய்வது: முதல் வரியை ஒப்புக்கொண்ட வாசகர் இரண்டாம் வரியையும் ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். இரண்டாவது எளிது என்று எண்ணுபவர்கள் அதை முயன்று பார்க்காதவர்கள்.

5. இடம் மாறிய பயிற்சி

கணிதத் தேர்வில் முறைகள் முன்பே தெரியும், கேள்வி தெரியாது, விடை உறுதியானது. ஆங்கிலத்தில் நூல் ஓராண்டுக்கு முன்பே தெரியும், கேள்வி தெரியாது, விடை திறந்தது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத மாணவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள்.

ஆங்கிலத்தைக் கணிதம்போல் தயாரிப்பது ஒன்று. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டுரையை முன்கூட்டியே எழுதி, ஆசிரியரிடமோ டியூஷனிலோ திருத்தி வாங்கி, வரிக்கு வரி மனப்பாடம் செய்து தேர்வில் இறக்கிவைக்கும் பழக்கம் சிட்னியில் வேரூன்றிய ஒன்று. கட்டுரை என்பது எந்தக் கேள்வியிலும் பொருத்தத்தக்க வாய்பாடு என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. உழைப்பாளிகளான மாணவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். மூன்றாம் ரிச்சர்டைப் பற்றி அதிகார வேட்கையை மையமாக்கி ஒருவர் கட்டுரை தயாரித்திருக்கிறார் என்று கொள்வோம். கேள்வியோ, பிற்காலப் படைப்பு தன் காலத்து மக்களுக்காகப் பழைய நாடகத்தை எப்படி மாற்றி அமைக்கிறது என்று கேட்கிறது. பச்சினோவின் படத்தில் இதற்குப் பதில் ஏராளம்: தெருவில் போவோரை நிறுத்தி ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கேட்பது, நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு காட்சியின் பொருளை விவாதிப்பது, ஒத்திகையும் நடிப்பும் மாறி மாறி வருவது. மனப்பாடக் கட்டுரையில் இவற்றுக்கு இடம் இருக்காது. மாணவர் கேள்வியிலுள்ள சொற்களை முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் ஒட்டவைத்துவிட்டு, நடுவே தயாரித்ததையே எழுதுகிறார். நூற்றுக்கணக்கான விடைகளைப் படிக்கும் திருத்துநருக்கு அந்த ஒட்டு உடனே தெரியும். எழுத்துக் கலைப் பிரிவில் இதன் பலன் இன்னும் மோசம். அங்கே கொடுக்கப்படும் ஒரு வரியோ படமோ கதையின் தொடக்கமாக இருக்க வேண்டும் என்றால், முன்பே எழுதி வைத்த கதை வேறு திசையில் நடந்துகொண்டிருக்கும்.

கணிதத்தை ஆங்கிலம்போல் வாசித்தே தயாரிப்பது மற்றொரு தவறு. இது வெளியே தெரியாதது. அதனால் அதிகம் ஏமாற்றுவது. மாணவர் தீர்க்கப்பட்ட கணக்குகளைப் படிக்கிறார். ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குச் செல்லும் காரணம் புரிகிறது. புரிந்ததால் தெரிந்துவிட்டதென்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டுகிறார். ஆனால் மற்றவர் எழுதிய வழியைப் பின்தொடர்வது வேறு. வெற்றுத் தாளின் முன் முதல் வரியை எழுதுவது வேறு. மேற்சொன்ன வேலிக் கணக்கில் கடினமான படி வகையீடு அன்று. அது வாய்பாட்டுத் தாளைப் பார்த்தாலே முடிந்துவிடும். x எதைக் குறிக்கட்டும் என்று தீர்மானிப்பதும், 40 − 2x என்று எழுதுவதுமே கடினம். விடைநூலில் அது முதல் வரியாக எழுதப்பட்டே கிடைப்பதால், படிப்பவர் அந்தக் கடினத்தை ஒருபோதும் சந்திப்பதில்லை.

ஆகவே கணிதத்துக்கு உரிய பயிற்சி, விடையை மூடிவைத்துவிட்டுப் பழைய வினாத்தாள்களை நேரக் கணக்கோடு எழுதுவது. சிக்கிக்கொள்ளும் கணக்கோடு சற்று நேரம் போராடிய பிறகே விடையைப் பார்க்க வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் என்ற முறை இதற்குப் பொருந்தும். ஆங்கிலத்துக்கு உரிய பயிற்சி நூலை மறுபடி மறுபடி வாசிப்பது. சான்றுகளைக் கருத்துவாரியாகத் தொகுத்து நினைவில் வைப்பது. புதிய கேள்வி ஒன்றைக் கண்டதும் எந்தச் சான்றை எடுப்பது, எதை விடுவது என்று பத்து நிமிடத்தில் திட்டமிட்டுப் பார்ப்பது. ஒரு முழுக் கட்டுரையைப் பத்து முறை ஒப்பிப்பதைக் காட்டிலும் பத்துக் கேள்விகளுக்குப் பத்துத் திட்டங்கள் எழுதுவது பயன் தரும். எழுதியதை வேறொருவர் படித்து, எந்த வரியில் தமக்கு நம்பிக்கை வரவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வாசகர் ஆசிரியராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. கவனித்துப் படிக்கும் சக மாணவரும் பெற்றோரும் போதும். வீட்டில் தமிழே பேசும் பெற்றோரும் இதில் விலகி நிற்க வேண்டியதில்லை: கட்டுரையின் வாதத்தைப் பிள்ளை தமிழில் எடுத்துச் சொல்லட்டும், தமிழில் நிற்காத வாதம் ஆங்கிலத்திலும் நிற்காது.

6. குறைகள் சேரும் விதம்

கணிதத்தில் குறை கீழிருந்து மேலே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் வரவில்லை என்று சொல்லும் மாணவர்களுள் பலருக்கு உண்மையில் வராதது எட்டாம், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம்: பின்னங்களைச் சேர்ப்பது, அடைப்புக்குறியை விரிப்பது, குறைக்குறியைத் தவறவிடாமல் கொண்டுபோவது. குறை எங்கே இருக்கிறது என்று சுட்டிவிடலாம். சுட்டிய பின் சில வாரங்களில் சரிசெய்யலாம். பல்கலைக்கழகங்கள் முதலாண்டு தொடங்கும் முன் கணிதத்தில் குறுகிய இணைப்புப் பயிற்சிகள் நடத்த முடிவதும் இதனாலேயே.

ஆங்கிலத்தில் குறை பரவிக் கிடக்கிறது. சொல்வளம், வாக்கியத்தின் மீதான பிடி, குறிப்பால் உணர்த்தப்படுவதைப் பிடிக்கும் காது ஆகியவை பல ஆண்டு வாசிப்பால் சேர்பவை. பன்னிரண்டாம் வகுப்பில் அவற்றைச் சில வாரங்களில் ஈட்டிவிட முடியாது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நூலில் தடுமாறியவர் அடுத்த நூலில் புதிதாகத் தொடங்கலாம். ஷேக்ஸ்பியர் பிடிபடாத மாணவர் ஒரு நாவலில் சிறந்த கட்டுரை எழுதக்கூடும். கணிதத்தில் அந்த மறுதொடக்கம் கிடைப்பதில்லை.

7. ஸ்கேலிங்கும் பாடத் தெரிவும்

எந்தப் பாடத்தின் மதிப்பெண் ஏடாருக்காக எவ்வளவு ‘ஸ்கேல்’ ஆகும் என்ற பேச்சு பெற்றோரிடையே ஓயாதது. அதன் இயக்கம் இதுதான்: ஒரு பாடத்தை எடுத்த மாணவர்கள் தாங்கள் எடுத்த எல்லாப் பாடங்களிலும் எவ்வளவு திறம்படச் செய்தார்கள் என்பதைக் கொண்டு அந்தப் பாடத்தின் சராசரி நிர்ணயமாகிறது. பாடம் கடினமானது என்பதற்காக யாரும் கூடுதல் மதிப்பெண் தருவதில்லை. உயர்நிலை ஆங்கிலமும் அதற்கு ஒரு படி கீழான ஸ்டாண்டர்டு ஆங்கிலமும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. எனவே ஸ்டாண்டர்டு எடுத்ததற்காக ஒருவர் தண்டிக்கப்படுவதும் இல்லை, உயர்நிலையை எடுத்ததற்காகப் பரிசு பெறுவதும் இல்லை.

இங்கே இரு பாடங்களுக்கும் இடையே அதிகம் கவனிக்கப்படாத ஒரு வேறுபாடு இருக்கிறது. உயர்நிலைக்கும் மேலே ‘எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் பாடங்கள் உண்டு. ஆங்கில எக்ஸ்டென்ஷன் எடுப்போரும் உயர்நிலை ஆங்கிலத் தேர்வை எழுதியாக வேண்டும். ஆகவே மாநிலத்தின் சிறந்த ஆங்கில மாணவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கணித எக்ஸ்டென்ஷன் 2 எடுப்போர் உயர்நிலைக் கணிதத் தாளை எழுதுவதில்லை. எக்ஸ்டென்ஷன் 1 வரை நிற்பவர்கள் எழுதுகிறார்கள். எனவே இரு பாடங்களிலும் பெறும் ஒரே எண் ஒரே பொருளைத் தருவதில்லை. போட்டியிடும் கூட்டமே வேறு.

பாடத்தைத் தெரிவுசெய்கையில் பார்க்க வேண்டியது மாணவர் எதை நோக்கிச் செல்கிறார் என்பதையே. பொறியியல், பொருளியல், கணினியியல் போன்ற துறைகளுக்கு உயர்நிலைக் கணிதத்தின் நுண்கணிதம் தேவை. பல பட்டப்படிப்புகள் அதை முன்தகுதியாக அன்றி, மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று கொள்ளும் அறிவாகக் குறிப்பிடுகின்றன. இந்தச் சலுகையை நம்பிக் கணிதத்தைக் கைவிட்டவர்கள் முதலாண்டில் அதற்கான விலையைத் தருகிறார்கள். ஆங்கிலத்தில் உயர்நிலையா ஸ்டாண்டர்டா என்ற முடிவுக்கு ஒரே அளவு போதும்: நூறு பக்கக் கவிதைத் தொகுதியையோ ஷேக்ஸ்பியரின் நாடகத்தையோ யாரும் வற்புறுத்தாமல் இரண்டாம் முறை படிக்க அந்த மாணவர் முன்வருவாரா என்பது. ஊரிலிருந்து அண்மையில் வந்து, ஆங்கிலவழிக் கல்வி ஐந்தாண்டுக்கு மேற்படாத மாணவருக்கு, ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்போருக்கான தனிப் பாடமும் இருக்கிறது. அதுவும் ஏடாரில் ஆங்கிலமாகவே கொள்ளப்படுகிறது. உயர்நிலைக் கணிதம் கைக்கு வராதவர்கள் ஸ்டாண்டர்டு கணிதத்துக்கு இறங்கிவரலாம். பதினோராம் வகுப்பு முடிவதற்குள் அந்த மாற்றத்தைச் செய்துவிடுவது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளி மதிப்பீடுகள் அதன் பிறகு உடனே தொடங்கிவிடுகின்றன.